கேபிள் பையிலிருந்து ஒரு ராஜினாமா

மிகுந்த மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால்கள் இரண்டும் நீங்கலாக. அவற்றின் கதை கீழே உரிய இடத்தில் வரும். அங்கே தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் இடுப்புவலி இப்போது படியேற விடுகிறது என்றும் நம்புகிறேன். பழைய டேப் ரெக்கார்டரைப் புது ஸ்பீக்கரோடு இணைக்கத் தாங்கள் கேட்டிருந்த கேபிள் என் மேஜைமேல் தயாராகிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் இந்தக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை அரங்கத்தில் நடந்ததைத் தங்கள் தங்கை தொலைபேசியில் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் இந்தக் கதையை எடுத்தாலே பாதியில் சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள். மீதிப் பாதி யாருக்கும் போய்ச் சேருவதில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். முடிவில் ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கே போய்ச் சேருவதற்குள் தைரியம் போய்விடும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கேபிள் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கும்படி தாங்கள் அவளிடம் சொல்ல வேண்டும். நீயே சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நன்றாக வந்தது. அவளுக்கு முன்னால் போய் நின்றதும் "டீ போடட்டுமா" என்று வந்தது.

வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு அவள் ஒரு கீபோர்டு வாங்கியதும், எங்கள் பல் டாக்டர் அம்மாவையும் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு இசைக்குழு தொடங்கியதும் தங்களுக்குத் தெரியும். டாக்டர் பேஸ் கிடார், டீச்சர் டிரம்ஸ், தங்கள் தங்கை கீபோர்டும் பாட்டும். நோயாளிகள் போன பிறகு டாக்டரின் கிளினிக்கில், அந்தக் காத்திருக்கும் அறையில்தான் பயிற்சி. ஆக, மாலை ஆனால் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அதுவாவது நடுநடுவே உறுமும். எனக்கு அதுவும் வராது. ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "நானும் வரட்டுமா" என்று கேட்டேன். "வந்து என்ன பண்ணுவீங்க?" என்றாள். "சும்மா உக்காந்திருப்பேன்." "அங்க சும்மா உக்காந்திருக்கறது பல்லுவலிக்காரங்க மட்டுந்தான். இந்தாங்க, இதப் பிடிங்க" என்று ஒரு கேபிளின் நுனியைக் கையில் கொடுத்தாள். மச்சான், கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த உத்தரவுக் காகிதத்தைவிட அதை நான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வேலை, கேபிள் வாங்குவது. வாழ்நாளெல்லாம் கல்லூரியில் மின்சாரம் கற்பித்தவன் என்று என்னை நம்பி அனுப்பினார்கள். கற்பித்தது உண்மை, ஆனால் கரும்பலகையில் வரைந்த கம்பி யாரையும் ஷாக் அடித்ததில்லை, நானும் அதைத் தாண்டிப் போனதில்லை. கடையில் இருந்த பெண், "மைக்குக்கா சார், கீபோர்டுக்கா, ஸ்பீக்கருக்கா?" என்று கேட்டாள். எல்லாம் கறுப்பாக, எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "கொஞ்சம் தடியாவே குடும்மா" என்றேன். தடியாகவே கொடுத்தாள். அது ஸ்பீக்கர் கேபிள். கீபோர்டிலிருந்து வரும் சத்தம் மிகச் சன்னமானதென்றும், வெளி இரைச்சல் நுழையாதபடி அதைச் சுற்றி ஒரு கம்பி வலைக் கவசம் வேண்டுமென்றும், ஸ்பீக்கர் கேபிளுக்கு அந்தக் கவசம் கிடையாதென்றும் நானே பாடம் நடத்தியிருக்கிறேன், மச்சான். அந்த ஒரு அத்தியாயம் வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பியிருக்கலாம். கடைக்காரப் பெண் என்ன நினைப்பாளோ என்று திருப்பவில்லை. அன்று மாலை கீபோர்டைத் தொடுவதற்கு முன்பே அறை முழுவதும் ஒரு தேனடை இரைந்தது. "இந்தத் தேனீ எந்த ஸ்வரத்துல இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். தங்கள் தங்கை ஒரு கட்டையை அழுத்திப் பார்த்து, கண்டுபிடித்தும் சொன்னாள்.

சரி, வாங்கத் தெரியவில்லை, செய்துவிடுவோம் என்று சரியான கேபிளும் பிளக்குகளும் ஈயமும் அதை உருக்கும் சூட்டுக்கோலும் வாங்கிவந்தேன். பிளக் என்பது இரண்டு துண்டு: உள்ளே கம்பியைப் பற்றவைக்கும் பாகம் ஒன்று, அதன்மேல் திருகும் குழாய் போன்ற மூடி ஒன்று. மூடியை முதலிலேயே கேபிளில் கோத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். பிறகு கோக்க வழியே இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு முழு மாலை மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்து, முத்துப்போல இருக்கிறது என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டு நிமிர்ந்தால், மூடி எதிரே மேஜையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டினேன், மறுபடி பற்றவைத்தேன், இந்த முறை மூடி இருந்தது, ஆனால் தலைகீழாக. வெட்டினேன். அடுத்த முறை இந்த நுனிக்குப் போட்டுவிட்டு அந்த நுனிக்கு மறந்தேன். ஒவ்வொரு தவறுக்கும் கேபிள் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசியில் எல்லாம் சரியாக அமைந்தபோது கீபோர்டும் ஆம்ப்ளிஃபையரும் புதுமணத் தம்பதி மாதிரி ஒட்டி உட்கார்ந்தால்தான் எட்டும் என்கிற நிலை. 'முதலில் மூடி' என்று பெரிய எழுத்தில் எழுதி மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். அதைப் பார்த்ததிலிருந்து தங்கள் தங்கை நான் வெளியே கிளம்பினாலும், குளிக்கப் போனாலும், "மூடிய மொதல்ல போட்டீங்களா?" என்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு என்னிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள்.

ஆனால் ஒன்றில் நான் தேறினேன் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது கேபிள் சுருட்டுவது. டீச்சரின் கணவரைத் தாங்கள் பார்த்ததில்லை. அடுக்குமாடிப் பூப்பந்துக் குழுவுக்கு ஒரே ஒரு பருவம் தலைமை தாங்கியவர், அதிலிருந்து எல்லோருக்கும் கேப்டன். அவர் கேபிளைப் பார்த்தால் கட்டைவிரலிலும் முழங்கையிலும் மாற்றி மாற்றி, தோட்டத்து ரப்பர் குழாயைச் சுற்றுகிற மாதிரி பரபரவென்று சுற்றிவிடுவார். டாக்டர் அலறியேவிட்டார். "கேப்டன், அதுக்குள்ள இருக்கறதும் நரம்பு மாதிரிதான். இப்படி முறுக்கினீங்கன்னா உள்ளுக்குள்ளயே அறுந்துபோகும்." பிறகு எங்களுக்குச் செய்துகாட்டினார்: ஒரு வளையம் சாதாரணமாக, அடுத்த வளையம் கையை உள்பக்கம் திருப்பி, மறுபடி சாதாரணமாக, மறுபடி திருப்பி. அப்படிச் சுருட்டினால் ஒரு முறுக்கை அடுத்தது கழித்துவிடும். வீசினால் கோடு போட்ட மாதிரி நேராக விழும். கேப்டன் "இதுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா" என்று செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். நான் திரும்பவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, துணி உலர்த்தும் கயிற்றில், ஸ்கிப்பிங் கயிற்றில், மருத்துவர் கொடுத்த இடுப்புப் பட்டையில்கூடப் பழகினேன். ஒருநாள் பயிற்சி முடிந்து நான் சுருட்டி அடுக்கிய பையைத் திறந்து பார்த்துவிட்டு, தங்கள் தங்கை மற்றவர்களிடம், "இவர் கை பட்டா நல்லாத்தான் இருக்கு" என்றாள். எத்தனையோ வருஷ இல்லறத்தில் என்னைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பாராட்டு அது. அன்றிரவு சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது. இன்னும் நன்றாகச் செய்ய ஆசைப்பட்டேன். நகர நூலகத்தின் ஆண்டுவிழா, முதல் பெரிய மேடை. முந்தின நாள் எல்லாக் கேபிளையும் துடைத்து, சுருட்டி, டாக்டர் கொடுத்த, ஒட்டிப் பிரிக்கிற பட்டையைக் கட்டினேன். கட்டிய பிறகும் ஒவ்வொன்றின் நுனியும் வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. நுனியை எடுத்து, வளையங்களுக்கு நடுவே நுழைத்து, அந்தப் பக்கம் வாங்கி, அழகாகச் செருகினேன். எல்லாவற்றுக்கும். பார்க்கப் பூச்செண்டு மாதிரி இருந்தது. அந்தச் சுருட்டு முறையில் செய்யவே கூடாத ஒரே காரியம் அதுதான் என்று எனக்குத் தெரியாது. நுனி நடுவே புகுந்துவிட்டால், மாற்றி மாற்றித் திருப்பிய வளையங்களெல்லாம், இழுக்கும்போது வரிசையாக முடிச்சாக விழும்.

மேடையில் திரைக்குப் பின்னால் தங்கள் தங்கை முதல் கேபிளை எடுத்து நுனியைப் பிடித்து வீசினாள். ஒரு முடிச்சு வந்தது. இழுத்தாள். இன்னொன்று. அதற்குப் பின்னால் அடுத்தது, ஊர்வலம் மாதிரி. "என்னங்க இது?" என்றாள். "வேற எடு, வேற எடு" என்றேன். வேறு எடுத்தாள். அதிலும் அதே நேர்த்தி. டாக்டர் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். டீச்சர் விசில் இருந்தால் ஊதியிருப்பார். நான் முழங்காலிட்டேன். அவிழ்க்க அவிழ்க்க, நான் எவ்வளவு ஒழுங்காகச் சுருட்டியிருக்கிறேன் என்பது எனக்கே புரிந்துகொண்டு வந்தது. முடிச்சுகள்கூடச் சம இடைவெளியில் இருந்தன. திரை இழுப்பவர் என்னைப் போலவே கடிகாரம் பார்த்து வேலை செய்கிறவர் போலிருக்கிறது, குறித்த நேரத்துக்குத் திரையைத் திறந்துவிட்டார். அரங்கம் நிறைய ஜனம். மேடையில் நான்கு வயதானவர்கள் மண்டியிட்டுக் கறுப்புக் கயிறு பிரித்துக்கொண்டிருக்கிறோம். முதல் வரிசையில் யாரோ கைதட்டினார்கள், நாடகம் என்று நினைத்து. உடனே எல்லோரும் தட்டினார்கள்.

அதற்குள் ஒரு மைக்குக்குக் கேபிள் கிடைத்திருந்தது. தங்கள் தங்கை எழுந்து போய் அதைப் பிடித்து, "மன்னிக்கணும். இவர் எங்க வீட்டுக்காரர். கேபிள ரொம்ப நேர்த்தியா சுத்துவார். கொஞ்சம் அதிகமாவே சுத்திட்டார்" என்றாள். அரங்கமே சிரித்தது. நான் எழுந்து வணங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்கும் கைதட்டல். பிறகு அவர்கள் வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். கீபோர்டுக்கு மட்டும் முடிச்சில்லாத ஒரே கேபிளை மாட்டினார்கள். அது அந்தக் குட்டைக் கேபிள்; அதைச் சுருட்ட முடியாத அளவுக்கு நீளம் குறைவு என்பதால் தப்பித்தது. ஆம்ப்ளிஃபையரைக் கட்டிக்கொண்டபடியே அவள் முழுக் கச்சேரியும் பாடினாள்.

திரும்பி வரும்போது வேனில் மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "சார், பத்திரமா சுத்தி வச்சிருக்கீங்களா?" என்று டீச்சர் என் மடியிலிருந்த பையைக் காட்டிக் கேட்க, மறுபடி ஒரு சிரிப்பு. தங்கள் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கோபமாகச் சிரித்தாளா, சும்மா சிரித்தாளா என்று பின்னந்தலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு பயிற்சி நடந்துவிட்டது. முழங்கால் வலி என்று நான் போகவில்லை. அவளும் வாங்க என்று கூப்பிடவில்லை.

ஆகவே மச்சான், பெரியவராகத் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். அவருக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, கண் தெரியவில்லை, எது தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன். என் இடத்தில் யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் பாட்டுக்கு மாலையில் வீட்டில் இருந்துகொள்கிறேன். ஃபிரிட்ஜும் பழகிவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கங்களைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் இடுப்பும் என் முழங்கால்களும் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் பொறுமைக்கும் என்றும் கடன்பட்ட,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் தயவுசெய்து ரத்தாகக் கருதவும். கடிதத்தை மடித்து உறையில் வைக்கிற நேரத்தில் இசைக்குழு முழுவதும் கேப்டனோடு வீட்டுக்கு வந்தது. கிளினிக்கில் வெள்ளை அடிக்கிறார்களாம், பயிற்சி எங்கள் கூடத்தில். முடிந்ததும் கேப்டன் தாமாகவே ஒரு கேபிளை எடுத்து, கட்டைவிரல், முழங்கை, கட்டைவிரல், முழங்கை என்று ஆரம்பித்தார். தங்கள் தங்கை என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கே, இனிமே அவரே பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கேப்டன், அதக் கீழ வைங்க" என்று வந்தது. கூடமே நிமிர்ந்து பார்த்தது. அந்தக் குரல் யாருடையது என்று நானும் பார்த்தேன். கேப்டன் வைத்துவிட்டார். நான் அவர் முறுக்கியதைப் பிரித்து, சரியாகச் சுருட்டி, நுனியை வெளியிலேயே விட்டு, பட்டையைக் கட்டினேன். தங்கள் தங்கை பையைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். பிறகு, "ரெண்டு நாளா இந்தப் பையத் தூக்க ஆள் இல்லாம தோள்பட்டை போச்சு. வாயத் தொறந்து கேக்கவா முடியும்? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தீங்க" என்றாள். மேலும், சனிக்கிழமை அடுத்த நிகழ்ச்சி. எனவே அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லிவிட வேண்டாம். கடிதத்தைக் கிழித்திருக்கலாம்தான், ஆனால் முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

தாங்கள் கேட்ட கேபிளை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நன்றாகப் பற்றவைத்திருக்கிறேன், பயமில்லாமல் பயன்படுத்தலாம். மூடிகள் தனியே ஒரு காகிதத்தில் மடித்து இருக்கின்றன.