கத்தரிக்காயின் வெளிச்சம்

இனிச் சந்தைப் பையைக் கையால் தொடுவதில்லை என்று முடிவெடுத்த அன்றுதான் ஜவுபர் மாஸ்டர் ஓவியரானார்.

யுத்தம் முடிந்த மறுவருசம். சாகாமப் பக்கத்துப் பாதைகள் திறந்து, கல்முனைச் சந்தையில் மரக்கறி மலையாகக் குவிந்தது. மனைவி றாஹிலாவின் துண்டுச்சீட்டும் முழ நீளமானது. தப்ப வழி தேடினார் மாஸ்டர். சுனாமியில் கடல் அள்ளிப்போன பழைய பென்சில் பெட்டிக்குப் பதிலாக, மச்சினன் டோஹாவிலிருந்து நாற்பத்தெட்டு நிறப் பென்சில்களும் ஒரு கட்டு மண்ணிறக் கடதாசியும் கொண்டுவந்திருந்தான்.

"புள்ள, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அசையாப் பொருள் சித்திரம் கீறப்போறன். ஒரு மாசம் என்னை எங்கயும் அனுப்பப்படா."

"அசையாப் பொருளா? கண்ணாடிக்கு முன்னால இருந்தாப் போதுமே!"

மாஸ்டர் அதைக் காதில் போடவில்லை. குசினிக்குள்ளிருந்து ஒரு கத்தரிக்காய், ஒரு பூசணித் துண்டு, தேத்தண்ணி கொதிக்கவைக்கும் ஒரு கேத்தல் எடுத்து மேசையில் வைத்தார். மண்ணிறக் கடதாசி பாதி வேலையைத் தானே செய்துவிடும். நிழலுக்குக் கரும் ஊதா, வெளிச்சத்துக்கு வெள்ளை. கத்தரிக்காயின் முதுகில் வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். படத்துக் காய் உருண்டு மடியில் விழப் பார்த்தது!

"மாஷா அல்லாஹ்!" என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் தேத்தண்ணியோடு வந்த றாஹிலா தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா கத்தரிக்கா வாடிட்டு. முதுகில பளபளப்பில்ல. இல்லாத வெளிச்சத்த எப்படிக் கீறுவீங்க?"

உண்மைதான்.

"அப்ப நீ போய்ப் புதுசு வாங்கிட்டு வா."

"நான் வாங்கினா நிறம் சரிவருமா? ஓவியர்ட கண்ணுதானே வேணும்."

ஓவியர் பறந்தார். ஒன்று வாங்கினால் ஒப்பிட முடியாதே என்று ஒரு கிலோ வாங்கினார். மத்தியானம் கத்தரிக்காய்ப் பால்கறி.

மூன்றாம் நாள் பூசணியின் ஓரம் கறுத்தது. நாலாம் நாள் றாஹிலா பெருமூச்சு விட்டாள்.

"மேசையில உசிரில்ல. ஒரு மீன் வெச்சா என்ன?"

மறுநாள் விடியச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மாஸ்டர் மீன் வாங்கக் கடற்கரையில் நின்றார்.

"பத்து மணிக்குள்ள கீறிருங்க. மீன்ட கண் மங்கினாப் படமும் செத்துரும்!" என்று வாசலிலேயே அவசரப்படுத்தினாள் றாஹிலா.

பத்து மணிக்குப் படத்து மீன்கண்ணில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. பதினொரு மணிக்கு மீன் சட்டியில் விழுந்தது.

ஒரு மாசம் இப்படியே போனது. கத்தரிக்காயைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் திருப்பும் மாஸ்டரைக் கண்டதும், "வெளிச்சம் பாக்கிற சேர் வாறார்" என்று மரக்கறிக்காரர்கள் நல்ல காய்களை முன்னே அடுக்கினார்கள். மாஸ்டருக்குப் பெருமையில் சட்டை இறுகியது. றாஹிலாவின் சமையலிலும்தான்.

கண்காட்சி மண்டபத்தின் நடுவில் சித்திரம் தொங்கியது. பக்கத்து வீட்டு ஹாஜறா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"விளங்குதா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நல்லா விளங்குது சேர்," என்றவள், றாஹிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னது சரிதாங்கா! அந்த மண்ணிறக் கடதாசி மிச்சமிருந்தா ரெண்டு தா. எங்கட மனிசனும் சந்தைக்குப் போறாரில்ல."