உன் அத்தான் ஓய்வு பெற்றுப் பார்த்த ஒரு மாதம்

பாளையங்கோட்டை,
14.9.1997

அன்புள்ள தம்பி குமரகுருபரனுக்கு, அக்கா ஆவுடைத்தாய் எழுதுவது. நீயும் சித்ரலேகாவும் பம்பாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான், உன் அத்தான், விஜயஸ்ரீ மூவரும் உடம்பளவில் சுகம். மற்றதெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். பேங்கில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படி.

தொண்ணூற்றைந்து தீபாவளிக்கு வந்திருந்தபோது, ஆளுக்கு இத்தனை கிரெடிட் கார்டு சேர்க்கச் சொல்லி மேலே நெருக்குகிறார்கள் என்று உன் அத்தானிடம் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கிப் போனாயே, நினைவிருக்கிறதா? "இத வச்சு என்ன மாப்ள செய்ய?" என்று அவர்கள் கேட்டதற்கு, "சும்மா பையில கெடக்கட்டும் அத்தான்" என்றாய். உன் அத்தான் எதைத்தான் சும்மா கிடக்க விட்டிருக்கிறார்கள்? கார்டு தபாலில் வந்த நாளிலிருந்து, திருநெல்வேலியில் இதை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று கண்டுபிடிப்பதே வேலையாகப் போயிற்று. அல்வாக் கடையில் நீட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோ ஒட்டலியே அண்ணாச்சி" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஜங்ஷனில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் கார்டை எடுத்துக்கொண்டார்கள். மெட்ராசுக்கு போன் போட்டு அனுமதி கேட்க, லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆக, அதுவரை கலர் சோடா உடைத்துக் கொடுத்து ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, அப்புறம் ஒரு மிஷினில் கார்டை வைத்துக் கார்பன் தாளோடு கறக்கென்று இழுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "ஏட்டி, காசே கேக்கல. ஒரு கையெழுத்துக்கு இஸ்திரிப்பெட்டியக் குடுத்துட்டான். அடுத்த தடவையும் குடுக்கானான்னு பாக்கணும்" என்றார்கள். கொடுத்தான். மிக்ஸி வந்தது, டேபிள் ஃபேன் வந்தது, பாட்டுப் பெட்டி வந்தது, துணி துவைக்கிற மிஷின் வந்தது, கடைசியாகத் தூசியை உறிஞ்சுகிற வேக்குவம் கிளீனர் ஒன்று வந்தது. அதைப் போட்டால் வீட்டில் மற்ற எல்லா விளக்கும் மங்கும். எல்லாம் அகவிலைப்படி பாக்கி வந்ததில் வாங்கியது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த ஏப்ரலில் மிக்ஸி நின்றுபோய், அதன் கியாரண்டிச் சீட்டைத் தேடியபோது உங்கள் பேங்க் பில்கள் பதினேழு கிடைத்தன. பாக்கி பதினெட்டாயிரம், குறைந்தபட்சம் கட்ட வேண்டியது தொள்ளாயிரம் என்று போட்டிருந்தது. கேட்டால், "பதினெட்டாயிரம் பாக்கி இருக்கு, தொள்ளாயிரம் போதும்ங்கான். பெரிய மனசு உள்ள பேங்கு" என்கிறார்கள். எனக்குக் கோபத்தை விட அதிசயம்தான் அதிகம். மாதாமாதம் டிராப்ட் எடுத்து அனுப்பியும் பாக்கி ஏன் அசையாமல் நிற்கிறது? எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் எலிசபெத்திடம் பில்களைக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு எட்டாம் வகுப்புக் கரும்பலகை நிறையப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாசம் ரெண்டரை வட்டி டீச்சர். இனிமே ஒரு சாமானும் வாங்காம, நூத்துக்கு அஞ்சுன்னு மாசாமாசம் இறங்கிட்டே போற குறைஞ்சபட்சத்தையே கட்டிட்டு வந்தா, பாக்கி நூறு ரூவாய்க்குக் கீழ வர பதினாறு வருசம் ஆகும்" என்றாள். உன் அத்தானுக்கு இப்போது ஐம்பது. ஐம்பத்தெட்டில் ரிட்டயராகி எட்டு வருஷம் கழித்துத்தான் அந்த இஸ்திரிப்பெட்டி எங்களுக்குச் சொந்தமாகும். அதற்குள் அதன் கைப்பிடி கழன்றுவிட்டது.

ஆசிரியர் சங்கத்தில் என் பேரில் பதினையாயிரம் கடன் போட்டேன். வேக்குவம் கிளீனரை எலிசபெத் டீச்சரின் அண்ணன் தம் கல்யாண மண்டபத்துக்கு விலைக்கு எடுத்துக்கொண்டார். குறைந்ததற்கு என் சீட்டுப் பணம். ஒரே டிராப்டாக அனுப்பி, இனி பாக்கி இல்லை என்று உங்கள் ஆட்களிடமிருந்து கடிதம் வந்த அன்றைக்கே கார்டை அரிவாள்மணையில் வைத்து நறுக்கினேன். வாழைக்காயை விடச் சுலபமாக இருந்தது. உன் அத்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் எலிசபெத் டீச்சர் போட்ட வட்டிக் கணக்கை நான் சொல்லக் கேட்டதில் உன் அத்தானுக்கு வேறொரு யோசனை பிறந்துவிட்டது. கடனில் வட்டி இப்படித் தின்னும் என்றால், போஸ்டாபீசில் போட்டால் இப்படித்தானே வளரும்? எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மிச்சமாகிற தொள்ளாயிரத்தையும் பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பெருக்கி, இனி தினம் ரயிலேறி ஸ்ரீவைகுண்டம் ஆபீசுக்குப் போகவே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். "இனிமே வட்டி வேல செய்யும், நான் சும்மா இருப்பேன்" என்று சொல்லி, விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத நோட்டீசும் ஜூலைக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்டோபரோடு விடுதலை.

விஜயஸ்ரீக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது, அப்புறம் கல்யாணம் இருக்கிறது. நான் சண்டை போடவில்லை. பகல் முழுவதும் சும்மா இருக்கிற மனுஷர் என்ன செய்வார் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. "ஒரு மாசம் லீவு போட்டு இருந்து பாருங்க" என்றேன். ஆகஸ்டில் போட்டார்கள். முதல் நாள் என் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டினார்கள். உளுந்தில் துவரை என்று இருந்தது. இரண்டாம் நாள் விஜயஸ்ரீயின் சைக்கிளைப் பிரித்தார்கள். மூன்றாம் நாள் அதைத் திரும்பப் பூட்ட ஆள் வந்தது. நான்காம் நாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "மோர் கொண்டுவந்தேன்" என்றார்கள். நாற்பது பிள்ளைகளும் எழுந்து வணக்கம் சொல்லின. அன்று சாயந்தரம், "என்னப் பாக்க வராதீங்க, எங்கயாவது பைய நடந்துட்டு வாங்க" என்று சொன்னேன். மறுநாளிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு நடக்கப் போய்ச் சாயந்தரம் ஆறரைக்குத் திரும்பினார்கள். பத்தரை மணி நேரம் நடக்கிற மனுஷருக்குச் செருப்புத் தேயவில்லையே என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அப்புறம் மார்க்கெட்டில் ரசீத் பாயைப் பார்த்தேன். காயல்பட்டினத்துக்குத் துணி வியாபாரத்துக்குப் போகிறவர். உன் அத்தானும் அவரும் பன்னிரண்டு வருஷமாகத் திருச்செந்தூர் வண்டியில் ஒரே பெட்டி. "மதினி, அண்ணாச்சி மாரி ஒரு ஆளப் பாக்க முடியாது. லீவுலயும் வண்டிய விடல" என்றார். பைய விசாரித்தேன். வழக்கம்போல் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி, ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார்களாம். ஆபீஸ் பியூன் சிவசண்முகம் பைல்களை டீக்கடைக்கே கொண்டுவந்து சந்தேகம் கேட்டுப் போகிறாராம். சாயந்தர வண்டியில் எல்லோருடனும் திரும்பி வருகிறார்களாம்.

வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். "கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு ஆவுடை. காலையில ஸ்டேசன் பக்கமா வண்டி ஊதுத சத்தம் கேட்டா கால் நிக்க மாட்டேங்கு."

"அப்ப எழுதிக் குடுத்தத திரும்ப வாங்கிருங்க."

"எந்த மொகத்த வச்சு வாங்க? சால்வைக்கு வசூல் பண்ணிட்டாங்க. வண்டியில ஒருத்தர் விடாம சொல்லியாச்சு."

இவ்வளவு கணக்குப் போட்ட மனுஷர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அதனால்தான் தம்பி உன்னைக் கேட்கிறேன். பேங்க்காரன் என்ற முறையில், 'வட்டி விகிதம் இறங்கப்போகிறது, ஐம்பத்தெட்டுக்கு முன்னால் வேலையை விட்டால் பெரிய நஷ்டம்' என்று உன் அத்தானுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுது. ஆபீசில் காட்டுவதற்கு வசதியாக இங்கிலீஷில் எழுது. அக்டோபருக்குள் வந்து சேர வேண்டும். அவர்கள் வேலையில் இருந்தால்தான் இந்த வீடு வீடாக இருக்கும்.

உனக்கும் சித்ரலேகாவுக்கும் எங்கள் ஆசிகள். நீ இன்னும் கார்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தால் நம் சொந்தத்தில் வேறு யாருக்கும் வாங்கிக் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
ஆவுடைத்தாய்

பின்குறிப்பு (20.9.1997): உறை வாங்க மறந்து கடிதம் இங்கேயே கிடந்துவிட்டது. இனி நீ அத்தானுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். திங்கட்கிழமை தாமே போய் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். 'என் மனைவி மிகவும் கேட்டுக்கொண்டதன் பேரில்' என்று காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போகட்டும். வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை. அவர்கள் ஆபீசுக்குப் போய்விட்டார்கள், விஜயஸ்ரீ காலேஜுக்குப் போய்விட்டாள். வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வேலைநாள் பகலில் நான் வீட்டில் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. காப்பி போட்டு உட்கார்ந்தேன். தெருவில் பதினொரு மணிக்கு இவ்வளவு பேர் போவார்கள் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் உன் அத்தானின் நோட்டை எடுத்து, அவர்கள் பெயரை அடித்து என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. எலிசபெத் டீச்சரும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டாள். நேற்று என் பெயரில் விருப்ப ஓய்வு நோட்டீஸ் கொடுத்தாயிற்று, அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை. பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, பள்ளிக்கூடத்துக்கு எழுது. டிசம்பர் வரை அங்கேதான் இருப்பேன்.