ஆனைக்குட்டியை விட்டுப்போன அணில்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகள் மூன்றும் அதில் சேர்த்தி. என் குரல் கேட்டால் ஏழும் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காரும். அப்படிப்பட்ட என்னைப் பன்னிரண்டு பக்கப் படப் புத்தகம் ஒன்று நடுங்க வைத்தது. முப்பது குழந்தைகள் சாட்சி.

பேத்தி கயல் அப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டுப் பெரியவர்கள் வந்து கதைப் புத்தகம் வாசிக்கும் நாள் என்று பள்ளியில் ஒன்று வைத்தார்கள். மருமகளுக்கு வேலை. "எங்க ஆயா வருவாங்க மிஸ்" என்று கயல் சொல்லிவிட்டு வந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தினமும் பேப்பரை விரித்து வைத்துத் தலையாட்டுகிறவள் நான்தானே. (படம் பார்ப்பேன். எழுத்தைக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.)

முடியாது என்றால், ஆயாவுக்குப் படிக்க வராது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரே பயம். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வரட்டும் என்று காமாட்சியிடம் வேண்டினேன். (அவளுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.)

வகுப்பில் டீச்சர் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும், தெரிந்த நாலு எழுத்தும் மறந்துபோயின. படத்தைப் பார்த்துச் சமாளிக்கத் துணிந்தேன். அங்கேதான் வினை. முப்பது வருஷம் பட்டுக்கடையில் புடவை மடித்தவள் நான். வந்தவர்களுக்கு முதலில் முந்தியைத்தான் விரித்துக் காட்டுவோம், அழகெல்லாம் அதில். இந்தப் புத்தகத்தில் கடைசிப் பக்கம்தான் பளபளவென்று இருந்தது. மஞ்சள் வெயிலில் ஒரு ஆனைக்குட்டி, அதன் தலைமேல் ஒரு அணில், இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன. கை தானாக அங்கிருந்து ஆரம்பித்தது.

"இந்த ரெண்டும் உயிர் சிநேகிதம்பா" என்றேன். குழந்தைகள் சிரித்தன.

அடுத்த படத்தில் மேகம் கறுத்தது. அதற்கடுத்ததில் இடி. அணில் ஆனையை விட்டு இறங்கியிருந்தது. பிறகு புதரோரம் வால் மட்டும் தெரிந்தது.

"அணிலு எங்க ஆயா போவுது?"

"வாலாஜாபாத் பஸ் புடிக்க."

"எப்ப திரும்பி வரும்?"

பக்கத்தைத் திருப்பினேன். கொட்டும் மழையில் ஆனைக்குட்டி தனியாக அழுதுகொண்டிருந்தது. அதோடு அட்டை.

"வராது போல இருக்குதுபா" என்றேன்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் விசும்பினாள். அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போயிற்று. "ஆனைக்கு யாருமே இல்லியா மிஸ்?" டீச்சர் என்னையே பார்த்தார். இடிக்குப் பயந்து அழும் ஆனைக்குட்டிக்கு ஒரு அணில் வந்து துணையாக உட்காரும் கதை அது. பின்னாலிருந்து சொல்லி, வந்த துணையை நான் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தேன். கயலின் பக்கம் திரும்பவே தைரியமில்லை.

அவளே எழுந்து வந்தாள். என் நாற்காலியில் பாதியைப் பிடித்து உட்கார்ந்து, புத்தகத்தைச் சரியாகத் திருப்பினாள்.

"பயப்படாத ஆயா. உனக்குப் படிக்க வராதுன்னு எப்பவோ தெரியும்" என்றாள் காதோடு. "போன வாரத்து பேப்பரைக் குடுத்தாலும் தலையாட்டிக்கினு இருப்ப."

"அப்புறம் ஏண்டி வருவாங்கன்னு சொன்ன?"

"நீ சும்மா சொன்னாலே கதை நல்லா இருக்கும்னுதான்."

அவள் எழுத்தைப் படித்தாள். நான் ஆனையாகப் பிளிறினேன். அணில் புதரிலிருந்து வந்தது.

"பஸ்ஸு திரும்பி வந்துட்ச்சா ஆயா?" என்றது ஒரு குரல்.

"வந்துட்ச்சுபா."

முதல் பெஞ்சுப் பெண் மட்டும் நம்பவில்லை. மத்தியானச் சாப்பாடு வரை தேம்பினாளாம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சொல்லாமல் வெளியே போனால், "அணிலு பஸ் ஏறிட்ச்சு" என்பார்கள். மகன் வேலை முடிந்து வரத் தாமதமானால், "வராது போல இருக்குதுபா" என்று மருமகள் என் குரலிலேயே சொல்லுவாள். சம்பந்தி வீடு வரை இது போய்விட்டது.

கயல் இப்போது ஏழாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் அவள்தான். நடுவில் இரண்டு இடத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினாள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

"நான் பயந்த எடத்தையெல்லாம் எனக்காவ விட்டுட்டியாடி? எங்க, மொத்தத்தையும் படி கண்ணு. கேக்கறேன்."