ஒளிச்சாமியின் மந்திரத் தண்ணீர்

எங்கள் ஊருக்குச் சூரியத் தகடு வந்தது. "இனி எல்லோருக்கும் மின்சாரம்!" என்று மேடையில் முழங்கினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். தகட்டைத் துடைக்க வேண்டும் என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. பக்கத்திலோ கல்குவாரி, நாள் முழுக்கத் தூசி. ஒரே மாதத்தில் விளக்குகள் மங்கின. வந்து குதித்தார் ஒளிச்சாமி.

"சூரியனுக்குக் கோபம்" என்றார். கூரை ஏறி, முணுமுணுத்து, மந்திரத் தண்ணீர் ஊற்றி, பட்டுத்துணியால் தகட்டை வருடிக் கொடுத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது! அப்புறம் கேட்கவா வேண்டும்? அவர் வாசலில் தெருமுனை வரை கூட்டம். படித்த மேதாவிகள் முன்வரிசையில்!

ஒருநாள் மதியம் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைத்த பிரிட்ஜ் நின்றுபோனது. கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த தையல்காரி காத்திருந்தாள். நர்ஸ் ஒளிச்சாமி வாசலுக்கு ஓடினார்.

"ஏழு டிகிரி ஆயிடுச்சு சாமி. எட்டைத் தாண்டினா மருந்து பூரா குப்பைக்குத்தான்."

"நாளைக்குத்தான் தாயி நேரம் நல்லாருக்கு."

"பூஜை நாளைக்கு இருக்கட்டும். மந்திரத்தை மட்டும் இப்பவே சொல்லுங்க. எங்க கூரையில ரெண்டு தகடு. ஒண்ணு பிரிட்ஜுக்கு, ஒண்ணு ஃபேனுக்கு. ரெண்டும் நின்னுபோச்சு, ரெண்டுக்கும் சேத்தே சொல்லுங்க."

"சொல்லுங்க சாமி! ஊரே பாக்கட்டும்!" என்று பக்தர்களே அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாவம், பக்தி அவரையே மாட்டிவிட்டது.

நிலையத்து வாசலில் நின்று தொண்டை கிழியச் சொன்னார். தகடுகளின் மின்சார மீட்டரில் முள் அசையவில்லை. நர்ஸ் தரை துடைக்கும் வாளியோடு கூரை ஏறி, ஒரு தகட்டை மட்டும் அழுந்தத் துடைத்தார். பிரிட்ஜ் உர்ரென்று ஓடியது.

"பாத்தீங்களா என் மந்திரத்தை!" என்றார் ஒளிச்சாமி, கூச்சமே இல்லாமல்.

"அப்ப ஃபேன் ஏன் சுத்தல? அதுக்கும் சேத்துத்தானே கத்துனீங்க?"

கூட்டம் ஃபேனைப் பார்த்தது. திரும்பினால் சாமியைக் காணோம்!

ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. தையல்காரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எங்க ஊருக்கும் வந்து நாலு மாசமா எங்களை முட்டாளாக்கிட்டானே, படுபாவி!"

"அவனாவது மாசாமாசம் கூரை ஏறினான்க்கா," என்றார் நர்ஸ். "நீங்க யாராச்சும் ஒரு தடவை ஏறிப் பாத்தீங்களா?"