மூன்று காதுச் சங்கிலி

ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் பேசின. பேசியது போதாதென்று படிவமும் பூர்த்தி செய்தன. அந்தக் காட்டில் இடிமுட்டிச் சங்கிலி என்றொரு காட்டுப்பன்றி இருந்தது.

சங்கிலி ஒரு காலத்தில் பெரிய மல்யுத்த வீரர். அது முட்டினால் எதிராளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் எழுந்திருக்கும். அந்த நாளில் நாவல்பழ மிட்டாய்ப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு வீரரின் படம் போட்ட அட்டை வரும். மிட்டாயைத் துப்பிவிட்டு அட்டையை வைத்துக்கொண்ட குட்டிகள்தான் அதிகம். இருபத்துமூன்றாம் எண் அட்டை சங்கிலியுடையது.

இப்போது வயதாகிவிட்டது. கோடை வந்தால் தோல் வெடித்து எரிகிறது. பன்றிக்குச் சேறு சொகுசு இல்லை, மருந்து. ஆனால் காட்டில் மற்ற குட்டைகள் வற்றிப்போய் ஒரே ஒரு சேற்றுக்குட்டைதான் மிச்சம் இருந்தது. அதை ஓய்வுபெற்ற வீரர்களுக்கென்று ஒதுக்கி, சுற்றி வேலி போட்டு, வேலிக்கு ஒரு வாசல் வைத்து, வாசலில் ஓர் அலுவலகம் திறந்து, அலுவலகத்தில் ஓர் அழுங்கை உட்கார வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் செதிலாக இருக்குமே, அந்தப் பிராணி. யாராவது தொந்தரவு செய்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அரசாங்க வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பிறவி கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

சங்கிலி வரிசையில் நின்றது. அரைநாள் கழித்து முறை வந்தது.

“நீங்கதான் இடிமுட்டிச் சங்கிலிங்கிறதுக்கு என்ன ஆதாரம்?” என்று அழுங்கு கேட்டது.

“காடு பூரா என்னைத் தெரியுங்க.”

“காடு கையெழுத்துப் போட்டுத் தருமா? கோதாப் பதிவேட்டையெல்லாம் கரையான் தின்னுடுச்சு. இப்ப மிட்டாய் அட்டைதான் ஆதாரம். அட்டை அசல்தான்னு விசாலம் அம்மாகிட்ட சான்று வாங்கிட்டு வாங்க.”

நல்லவேளையாக, சங்கிலியின் மனைவி பேச்சி அந்த அட்டை ஒன்றை மூங்கில் குழாய்க்குள் பத்திரமாக வைத்திருந்தது. சங்கிலி அதை எடுத்துக்கொண்டு விசாலத்திடம் ஓடியது.

விசாலம் ஒரு தேவாங்கு. முகத்தில் பாதி கண். பகலில் தூங்க வேண்டிய பிராணிதான். ஆனால் பழைய அட்டை என்று காதில் விழுந்தால் இரண்டு கண்ணும் திறந்துகொள்ளும். ஒரே படத்தைப் பத்தாயிரம் முறை அச்சடித்தாலும் பத்தாயிரமும் வேறுவேறு என்பது அதன் மதம். எதில் மீசை ஒரு முடி குறைகிறது, எதில் எண்ணைச் சுற்றிய வட்டம் மூடாமல் நிற்கிறது, எதன் முதுகு வெள்ளை, எதன் முதுகு பழுப்பு, எல்லாம் அத்துப்படி. சரியாக அச்சான அட்டையைக் கண்டால் கொட்டாவி விடும். தப்பாக அச்சானதைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடும்.

அவ்வளவு பெரிய கண்ணுக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு அது அட்டையைப் பார்த்தது. பிறகு “ஐயோ!” என்றது.

“என்னம்மா ஆச்சு?” என்று சங்கிலி எட்டிப் பார்த்தது.

“முதல் அச்சு! வட்டம் மூடல பாருங்க. முதுகு வெள்ளை. அன்னிக்கு மிஷின் ஓட்டின பெருச்சாளிக்குப் பல்வலி. மஞ்சள் மை தீந்ததைப் பாக்கல, உங்க பச்சை லங்கோடு நீலமாயிடுச்சு. சிவப்பு மை வேற ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருக்கு. உடம்புல தெரியாது, காதுகிட்ட காலி இடம் பாருங்க, அங்க தெரியும். வலது காதுக்குப் பக்கத்துல சிவப்பா இன்னொரு காது! மறுநாளே திருத்தித் தொலைச்சுட்டாங்க, பாவிங்க.”

அது ஆனந்தக் கண்ணீரோடு சான்று எழுதிக் கொடுத்தது: ‘அட்டை அசல். முதல் அச்சு. மூன்று காது.’

சங்கிலி துள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பியது. அழுங்கு சான்றைப் படித்தது. சங்கிலியைப் பார்த்தது. மறுபடி சான்றைப் படித்தது.

“அட்டை அசல். அசலுக்கு மூணு காது. உங்களுக்கு ரெண்டுதான் இருக்கு.”

“அச்சடிச்சவன் தப்புங்க அது!”

“அவன் தப்புன்னா அட்டை தப்பு. அட்டை தப்புன்னா ஆதாரமே இல்ல. எது வேணும் உங்களுக்கு?”

சங்கிலிக்கு அழுகையே வந்துவிட்டது. விசாலத்தையே நேரில் கூட்டிவந்து, “நீங்களே சொல்லுங்கம்மா” என்று கெஞ்சியது. விசாலம் பூதக்கண்ணாடியை எடுத்தது. சங்கிலியை மூக்கிலிருந்து வால்வரை ஆராய்ந்தது. திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தது.

“முதுகு பழுப்பு. மூலையெல்லாம் மழுங்கியிருக்கு. லங்கோடு பச்சை. தப்பா நினைக்காதீங்க, நீங்க மறுஅச்சு.”

“அம்மா, அந்தப் படத்துக்கு நின்னவனே நான்தாம்மா!”

“எல்லா மறுஅச்சும் அப்படித்தான் சொல்லும்.”

அட்டையைத் திருத்த முடியுமா என்று சங்கிலி கேட்டது. விசாலம் மயங்கி விழப் பார்த்தது. அட்டையைத் திருத்த வழியில்லை, ஆளைத் திருத்தினால் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டு அழுங்கு சுருண்டுகொண்டது. அதற்குப் பிறகு அதனிடம் பேசுவதும் பலாக்காயிடம் பேசுவதும் ஒன்றுதான்.

சங்கிலி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டது. தோலில் வெடித்த இடங்களில் ஈ மொய்த்தது.

“ஏங்க, அவங்களுக்கு வேண்டியது மூணு காதுதானே? எந்திரிங்க” என்றது பேச்சி.

காட்டுவாழையிலிருந்து ஒரு சிவந்த பூமடலைப் பறித்து வலது காதுக்குப் பக்கத்தில் நாரால் கட்டியது. லங்கோட்டை அவுரி நீலச் சாயத்தில் முக்கியது. முதுகில் வெள்ளை மண்ணைக் குழைத்துப் பூசியது. மண் காய்ந்து தோலை இழுத்தபோது சங்கிலிக்கு உயிர் போனது. சேற்றை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டது.

மறுநாள் வாசலில் அழுங்கும் விசாலமும் அதைச் சுற்றிச்சுற்றி வந்தன. விசாலம் அட்டையையும் சங்கிலியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “காது ஒரு நூல் உள்ள இருக்கு” என்றது. தானே கையை நீட்டி மடலை ஒரு நூல் வெளியே தள்ளிவைத்தது. பிறகு எழுந்து நின்று கும்பிட்டது.

“அசல்! உயிரோட இருக்கிற ஒரே முதல் அச்சு!”

அழுங்கு முத்திரை குத்தியது. கூட்டம் கைதட்டியது.

“அப்ப நான் குட்டைக்குள்ள இறங்கலாங்களா?” என்று சங்கிலி கேட்டது.

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல இரண்டும் அதைப் பார்த்தன.

“சேத்துலயா? அசலை யாராவது சேத்துல போடுவாங்களா?” என்றது விசாலம்.

அன்று மத்தியானமே சங்கிலியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திப் பூட்டினார்கள். ‘தொடாதீர்கள்’ என்று பலகை மாட்டினார்கள். குட்டைக்கு நேர் எதிரே வைத்தார்கள். காடே திரண்டு வந்து மூன்றாவது காதைக் காட்டிக்காட்டி வியந்தது. வெயில் கண்ணாடியில் பட்டு உள்ளே அனலாய்க் கொதித்தது. பத்தடி தூரத்தில் சேறு குளுகுளுவென்று கிடந்தது. பேச்சி வெளியே நின்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதது.

மூன்றாம் நாள் சங்கிலிக்குப் பொறுமை போனது. “போதுண்டா சாமி!” என்று கத்திவிட்டு ஒரே முட்டு. கண்ணாடி தூள்தூளானது. நார் அறுந்து, சிவப்புக் காது இரண்டாகக் கிழிந்து கீழே விழுந்தது.

விசாலம் போட்ட அலறலில் மரத்திலிருந்த வௌவால்கள் பறந்தன. ஓடிவந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. பிறகு அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டது.

“கிழிஞ்சிடுச்சு. இனிமே இது சல்லிக்காசு பெறாது” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனது.

அழுங்கு வேறொரு முத்திரையை எடுத்துச் சங்கிலியின் நெற்றியில் குத்தியது: ‘கழிவு’. அந்த அலுவலகத்தில் கழிவுக்கென்று தனி இடம் கிடையாது. எல்லாவற்றையும் குட்டைக்குள்தான் வீசுவார்கள். இரண்டு கரடிகள் வந்தன. சங்கிலியைக் காலும் கையுமாகத் தூக்கி, ஒரு ஆட்டு ஆட்டி, சேற்றின் நட்டநடுவில் வீசிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போயின.

சங்கிலி மூக்குவரை முங்கியது. வெடித்த தோலில் சேறு இறங்கியது. அதற்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வேலிக்கு வெளியே பேச்சி அலுவலக ஜன்னலுக்கு வந்து நின்றது.

“என்ன வேணும்?” என்றது அழுங்கு.

“நானும் ஒண்ணுக்கும் ஆகாதவங்க.”

“ஆதாரம்?”

பேச்சி குட்டையைக் காட்டியது. “அந்தா கிடக்குதே, அதைக் கட்டிக்கிட்டேன்.”

அழுங்கு மறுபேச்சுப் பேசாமல் முத்திரையை எடுத்தது. கரடிகள் மறுபடியும் வந்தன.

நீதி: அலுவலகத்துக்குப் போனால் நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்க மெனக்கெடாதீர்கள். நீங்கள் எதற்கும் உதவாதவர் என்று நிரூபித்துவிட்டால், போக வேண்டிய இடத்துக்கு அவர்களே தூக்கிக்கொண்டு போய் விடுவார்கள்.