எழுபத்தோராயிரம் எடுத்தவனை ஓடச் சொல்கிறார்கள்

அன்புள்ள அர்வில்லா அக்காவுக்கு,

தம்பி டெல்வின் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் ஐடஹோவில் சௌக்கியமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. அத்தானின் முழங்கால் தேவலை என்று கேட்டு மகிழ்ந்தோம். இங்கே நெட்ரா சுகம், நாய் சுகம். என் சுகத்தைப் பற்றி நீ நேற்று போனில் என் பெண்டாட்டி நெட்ராவிடம் முக்கால் மணி நேரம் பேசியதாகவும், வியாழக்கிழமை ட்ரெட்மில் டெஸ்டுக்கு என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியாவது அனுப்பச் சொன்னதாகவும் அறிந்தேன். நான் போகப் போவதில்லை. ஏன் என்று எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே நியாயம் சொல்.

எல்லாம் அந்த வெர்ல் ஜெப்சனால் வந்த வினை. மூன்று வீடு தள்ளி இருக்கிறானே, அவன்தான். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து நலம் விசாரிக்க நம் சபை அவனைத்தான் நியமித்திருக்கிறது. சபை அனுப்பிய ஆளை வாசலோடு திருப்பி அனுப்ப முடியுமா? செப்டம்பரில் வந்தவன், வேதப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மெஷினை எடுத்து மேஜையில் வைத்தான். உள்ளங்கையை வைத்தால் நீல விளக்கு எரியும், ஒரு நம்பர் வரும். உடம்புக்குள் துருப்பிடிக்காமல் காக்கிற ஆன்டி-ஆக்ஸிடன்ட் எவ்வளவு இருக்கிறது என்று அந்த நம்பர் சொல்லுமாம். நம்பர் ஏறினால் இதயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமாம். நெட்ரா கையை வைத்தாள், நாற்பத்தாறாயிரம். நான் வைத்தேன், பத்தொன்பதாயிரம். சாவு வீட்டுக்கு வந்தவன் போல வெர்ல் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

“பிரதர், இந்த நம்பர வச்சுக்கிட்டு நீங்க எப்படி நடமாடுறீங்கன்னே புரியல.”

“காலாலதான்” என்றேன்.

நெட்ரா சிரிக்கவில்லை. அப்பா எழுபத்திரண்டாம் வயதில் வான்கோழிக் கொட்டகையில் தீவன வாளியோடு சாய்ந்தது உனக்கு மறந்திருக்காது. எனக்கு வருகிற மார்ச்சில் எழுபத்திரண்டு. அன்றைக்கே அவனிடம் இரண்டு டப்பா மாத்திரை வாங்கிவிட்டாள். விற்பவனும் அவன்தானே!

அத்தோடு விட்டானா பாவி? அடுத்தது மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாசமிருந்து சாட்சி சொல்லும் நாள். இருநூறு பேர் காலி வயிற்றோடு உட்கார்ந்திருக்க, இவன் எழுந்து மைக்கைப் பிடித்து, “நம்ம பிரதர் டெல்வின் ஸொரன்சனோட ஆன்டி-ஆக்ஸிடன்டுக்காக எல்லாரும் ஜெபிக்கணும்” என்று கண்ணீர் விட்டான். என் மானம் கப்பலேறியது. திங்கட்கிழமை காலையிலிருந்து சபைப் பெண்கள் வரிசையாகக் கதவைத் தட்டினார்கள். எல்லார் கையிலும் ஒரே பதார்த்தம்: துருவிய கேரட் போட்ட ஆரஞ்சு ஜெல்லி! ஒரே வாரத்தில் பதினொரு தட்டு. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அவர்கள் முகம் வாடும் என்று மூன்று வேளையும் என்னையே தின்ன வைத்தாள் நெட்ரா. கொடுக்கக் கொடுக்க, “பாவம், பிடிச்சிருக்கு போல” என்று மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார்கள். இப்படியே ஏழு வாரம்.

ஏழாவது வாரம் மறுபடி கையை வைத்தேன். எழுபத்தோராயிரம்! வெர்ல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அதுவரை யாருமே எடுக்காத நம்பராம். சனிக்கிழமை மாத்திரை விற்க ஒரு கூட்டம் போட்டு, எல்லார் முன்னாலும் என்னை நிறுத்திக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னான். உள்ளங்கை ரெண்டும் ஆரஞ்சு நிறம். நாற்பது வருஷம் வான்கோழி வளர்த்த மனுஷனை இப்படிக் காட்சிப்பொருளாக்கினால் கோபம் வராதா? ஆனாலும் உன்னிடம் மறைப்பானேன், கைதட்டினபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இந்தச் சமயம் பார்த்து, கொட்டகையிலிருந்து வீடு வரை நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெர்லிடம் சொன்னேன். மெஷினை நீட்டினான், எழுபத்திரண்டாயிரம். “நம்பர் ஏறிக்கிட்டேதான் இருக்கு பிரதர், நீங்க நூறு வருஷம் இருப்பீங்க” என்றான். நெட்ரா கேட்கவில்லை, கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அங்கே டாக்டர் ஒகுமுரா என்று ஒரு சின்னப் பெண். நம்பரைச் சொன்னால் எழுந்து நின்று கைகொடுப்பாள் என்று நினைத்தேன்.

“சார், அந்த மெஷின் உங்க தோலத்தான் பாக்குது. அதுக்குக் கேரட்டு தெரியும், இதயம் தெரியாது.”

“அப்போ இந்த மாத்திரை?”

“அதச் சாப்பிட்டா மாரடைப்பு வராதுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. நெஞ்சு வலிக்குதா, சொல்லுங்க.”

“வலியெல்லாம் இல்ல. இறுக்குது, அவ்வளவுதான்.”

“அதத்தான் கேட்டேன்” என்று சொல்லி, வியாழக்கிழமை ட்ரெட்மில்லில் ஏறச் சீட்டு எழுதிவிட்டாள்.

அக்கா, பத்தொன்பதாயிரத்தில் இருந்தபோது யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை. இப்போது ஊரிலேயே பெரிய நம்பர் எடுத்து நிற்கிறேன், ஓடு என்கிறார்கள்! ஏழு வாரம் தின்ற ஜெல்லிக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மூச்சு வாங்குவது குளிரினால். ஆகவே வியாழன் கிடையாது, வெள்ளியும் கிடையாது, இனி இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். பரமபிதா உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காமல் இருப்பாராக.

உன் பிரியமுள்ள தம்பி,
டெல்வின்

பி.கு.: இதைத் தபால் பெட்டியில் போடத்தான் கிளம்பினேன். வாசலிலிருந்து பெட்டிக்கு நாற்பதடிதான் இருக்கும். அதற்குள் ரெண்டு தரம் உட்கார வேண்டியதாகிவிட்டது. ரெண்டாம் தரம் எழுந்திருக்க முடியவில்லை. வெர்ல்தான் பார்த்து ஓடிவந்து, தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ப்ரோவோ ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். வழி நெடுக அழுதானே தவிர நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸ் என் கையைப் பார்த்துவிட்டு மஞ்சள் காமாலையா என்று கேட்டாள். மூன்று குழாயில் அடைப்பாம், நாளைக் காலை நெஞ்சைத் திறக்கிறார்கள். வெர்ல் வெளியே டாக்டரிடம், “எனக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்க முடியுமா?” என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. பயமாயிருக்கிறது அக்கா. கிளம்பி வா.