ஓலை வாசித்த ஞாயிறும் என் டிஸ்கோ கேசட்டும்

அடுத்தவர் பாட்டைத் திருடி ரீமிக்ஸ் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் அந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவனே நான்தான் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எண்பதுகளில் பீடோங்கில் என்னிடம் இரட்டை கேசட் ரெக்கார்டர் இருந்தது (அறிவு இருக்கவில்லை). ஸ்டெல்லாவோடு நிச்சயமும் ஆகியிருந்தது. அவள் அப்பா சவரிமுத்து, மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவர். பாட்டு ஒத்திகையைப் பதிவுசெய்த கேசட்டைக் கொடுத்து, குழுவில் ஆளுக்கொரு காப்பி போடச் சொன்னார். மருமகனாகப் போகிறவன் என்ற நம்பிக்கை, பாவம்.

அதில் பாட்டு கொஞ்சம், திட்டு அதிகம். "நிறுத்து! நிறுத்து! ஆடு கத்துற மாதிரி இருக்கு!" என்று மாமா கத்தியதை வெட்டி, ஓர் ஆங்கில டிஸ்கோ பாட்டின் மேல் பதினாறு முறை ஒட்டினேன். பாட்டுக்காரரிடமும் கேட்கவில்லை, மாமாவிடமும் கேட்கவில்லை. ஆனால் அட்டையில் என் பெயரைப் போட்டு, 'அனுமதியின்றிப் பிரதி எடுப்பது குற்றம்' என்று மறக்காமல் எழுதினேன்.

கேசட் பறந்தது. பஸ் ஓட்டும் மணியம் அண்ணன், "தம்பி, இதப் போட்டா பஸ்ஸு ஜாலான்ல, ரோடு பூரா ஆடிக்கிட்டே போவுது லா! யாரு அந்தக் கெழவன்?" என்றார்.

"சிங்கப்பூர் ஆர்ட்டிஸ்ட், அண்ணே."

எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்த பிறகுதான் கல்யாணம். மூன்றாம் ஞாயிறு பாதிரியார் எங்கள் பெயர்களை வாசித்து, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்றார். வாசலில் மணியம் அண்ணனின் பஸ் வந்து நின்றது.

"நிறுத்து! நிறுத்து!"

மொத்தக் கோயிலும் ஆர்மோனியத்தின் முன்னால் இருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாய் மூடியிருந்தது. குரல் மட்டும் ஆட்டைப் பற்றித் தாளத்தோடு பேசிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா என்னை முறைத்தாள். இவளை இழந்துவிட்டேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

"சவரிமுத்து, உங்களுக்கு ஆட்சேபணையா?" என்றார் பாதிரியார்.

மாமா எழுந்து என்னைப் பார்த்தார். அந்தக் கேசட் யாரிடம் இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

"இல்ல ஃபாதர். இவன் எங்கிட்ட முறையா கேட்டது ஒன்னே ஒன்னுதான், என் பொண்ணு. அத மட்டும் குடுத்துடுறேன்."

கொடுத்தார். இன்றுவரை வீட்டில் யார் தட்டிலிருந்து வடை எடுக்கக் கை நீட்டினாலும், "கேட்டீங்களா?" என்கிறாள் ஸ்டெல்லா. பேரப்பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கேட்கிறார்கள்.

கேட்டும் பார்த்துவிட்டேன். ஒருவரும் கொடுப்பதில்லை.